ரோப்காரியல்: ஓர் ஆய்வு முன்னுரை

நடை இருவகைப்படும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது ஒன்று. கோயில் பிரகாரமும், டாக்டர் சொன்னதற்காகச் சுற்றும் மொட்டை மாடியும் இதில் அடங்கும். புறப்பட்ட இடத்தை மறுபடி பார்க்காமலே வேறோர் இடத்தில் போய் முடிவது மற்றொன்று. முன்னதற்குத் திட்டம் வேண்டாம். கால் வலித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். பின்னதில் பாதி வழி தாண்டிவிட்டால், திரும்புவதற்கும் போவதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே அதற்கு ஒரு சாத்திரம் தேவை. யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் அந்தப் பொறுப்பு என் முழங்கால்களின் மேல் விழுந்தது.

ஆய்வுக் களம், சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட் பள்ளத்தாக்குக்கு வடக்கே ஓடும் மலைமுதுகு. வில்டர்ஸ்வில் என்ற ஊரிலிருந்து 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில் ஒன்று, ஏழேகால் கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஏறி, 1,967 மீட்டர் உயரத்தில் ஷினிகே பிளாட்டெயில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபௌல்ஹார்ன் சிகரம் (2,681 மீட்டர்) ஏறி, பாஹ்ஆல்ப் ஏரிக்கரை வழியாக ஃபிர்ஸ்ட் (2,168 மீட்டர்) வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடை. ஃபிர்ஸ்டிலிருந்து கிரிண்டெல்வால்ட் ஊருக்கு ரோப் கார். இடப்பக்கம் கீழே பிரியென்ஸ் ஏரி, வலப்பக்கம் ஐகர், மொன்ஷ், யுங்ஃபிராவ் என மூன்று பனிமலைகள். காட்சியைப் பற்றி இவ்வளவு போதும். வர்ணனை ஆய்வாளனுக்கு அழகல்ல.

இனி நூற்பா (அடியேன் இயற்றியது):

கடைவண்டி நேரம் கண்டபின் அல்லது
முதலடி வைத்தல் முறையன்று என்ப.

இதன் பொருள்: திட்டத்தைக் காலையிலிருந்து போடாதே, சாயங்காலத்திலிருந்து போடு. கடைசி ரோப் கார் எத்தனை மணிக்கு என்று முதலில் பார். அது பருவத்துக்குப் பருவம் மாறும். அதிலிருந்து நடையைக் கழி, சாப்பாட்டைக் கழி, மழையைக் கழி. மிஞ்சுவது விடியற்காலை என்றால் விடியற்காலையில் எழுந்திரு. ‘என்ப’ என்றது, யார் சொன்னது என்று கேட்பாரைத் தவிர்க்கும்பொருட்டு.

நடையைக் கழிப்பதில்தான் கருத்து வேற்றுமை. ஸ்காட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு மூன்று மைல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. மீட்டரில் சொன்னால் ஐந்து கிலோமீட்டரும் அறுநூறு மீட்டரும். சிகரம் வரை ஏற்றம் 714 மீட்டர். சில்லறை மேடு பள்ளங்களை விட்டுவிட்டால் மொத்தம் 4 மணி 23 நிமிடம் வருகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் ஆக உயர்ந்த மலையே 1,345 மீட்டர்தான். நாம் ரயிலைவிட்டு இறங்கும் இடம் அதைவிட 622 மீட்டர் மேலே. ஆகவே அவர் கூற்றை மரியாதையுடன் விலக்குகிறோம்.

ஜெர்மானியர் கணக்கு வேறு. சமதளம் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர், இறக்கம் 500 மீட்டர். தூரத்துக்கான நேரம், உயரத்துக்கான நேரம் இரண்டில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். தூரத்துக்கு 4 மணி, உயரத்துக்கு 3 மணி 24 நிமிடம்; ஆக 5 மணி 42 நிமிடம். அங்கே நட்டிருக்கும் மஞ்சள் பலகையும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்கிறது. சுவிஸ் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். உட்காரும் நேரம் அதில் சேராது.

“மாப்ளே, ஆறு மணி நேரம்னு சும்மா பயமுறுத்தப் போட்டிருப்பான். அஞ்சுல முடிச்சிரலாம்” என்றார் என் மச்சான்.

இங்கேதான் அறிஞர் இருதரப்பாரும் விட்டுவிட்ட ஒரு காரணியை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர்: மச்சான் மாறிலி. 2,344 மீட்டரில் மென்ட்லெனென் என்று ஒரு குடில் உண்டு. மச்சான் அங்கே ஷூவைக் கழற்றினார். காலுறைகளைப் பெஞ்சு முதுகில் வெயில் படுமாறு விரித்தார். சூப் வந்தது. ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துத் தின்றுவிட்டு, பெண்டாட்டி தம்பிக்குரிய உரிமையோடு என்னைப் பார்த்து, இன்னொரு சூப் சொன்னார். காலுறை காய்ந்ததா என்று நான் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். இம்மாறிலியின் மதிப்பு ஒரு மணி 50 நிமிடம். ஃபௌல்ஹார்னில் 1830களின் தொடக்கத்திலிருந்தே ஒரு விடுதி இருப்பதால் அது இருமடங்காகும் அபாயமும் உண்டு. ஜெர்மனில் ‘ஃபௌல்’ என்றால் இற்றுப்போனது என்றும் பொருள், சோம்பேறி என்றும் பொருள். உதிரும் பாறையால் வந்த பெயர் என்பர் அறிந்தோர். மச்சான் இரண்டாவது பொருளைக் கொண்டார்.

எந்த முனையில் தொடங்குவது என்பதிலும் இரு பள்ளிகள் உண்டு. ஃபிர்ஸ்டில் தொடங்கினால் சிகரத்துக்கு ஏற்றம் 513 மீட்டரே என்பது ஒரு வாதம். போலியான வாதம். கேட்க வேண்டியது, வண்டி தவறினால் தண்டனை என்ன என்பதே. ஷினிகே பிளாட்டெயில் கடைசி ரயிலை விட்டால் வில்டர்ஸ்வில் வரை 1,383 மீட்டர் இறங்க வேண்டும். ஃபிர்ஸ்டில் விட்டால் கிரிண்டெல்வால்ட் வரை 1,134 மீட்டர்தான். முழங்கால் 249 மீட்டரை மறக்காது. தவிர, ஃபிர்ஸ்டை நோக்கி நடந்தால் ஐகர் கண்ணெதிரே இருக்கும். எதிர்த்திசையில் முதுகுக்குத்தான் காட்சி.

அந்தச் செப்டம்பர் சாயங்காலம் நாங்கள் ஃபிர்ஸ்டை அடைந்தபோது கம்பி ஓடவில்லை. அந்தரத்தில் ஒரு பெட்டிகூட இல்லை. ஜெர்மானியர் கணக்குப்படி, தூரத்தைச் சேர்க்காமல், இறக்கத்துக்கு மட்டும் 2 மணி 16 நிமிடம். எங்களுக்கு மூன்றரை ஆயிற்று. கடைசி ஒரு மணி நேரம் செல்போன் வெளிச்சத்தில், மாட்டு மணிச் சத்தம் எந்தப் பக்கம் என்று காது கொடுத்து நடந்தோம். குறிஞ்சிக்கு நிலம் மலை, பொழுது யாமம் என்று வகுத்த இலக்கணிகளும் கடைசி வண்டியை விட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

மறுநாள் காலை மச்சான் வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“மாப்ளே, இன்னிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து போனா என்ன? ஏத்தம் கம்மி.”

வெந்நீர் வாளியிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.