முடியாட்சி

திங்கட்கிழமை காலையில் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கும் மகாஜனங்களே, உங்களுக்கு ஒரு யோசனை. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டெக்சஸ் மாநிலத்து மூவர் குழுவான ‘ஸீ ஸீ டாப்’ 1973-ல் வெளியிட்ட ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ ஆல்பத்தின் நீளம் 33 நிமிடம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பியுங்கள். ஆல்பம்தான் முதலில் முடியும்.

முடிந்தால் என்ன, மறுபடி போடலாம். இது பூகி ப்ளூஸ் ராக். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று நொண்டியபடியே ஓடுகிற தாளம். அதன்மேல் சேறு அப்பிய கிட்டார். தொண்டைக்கு வாழ்நாளில் வைத்தியமே பார்த்திராத பாடகர். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பின்னால் தன்னை அறியாமல் தோளை ஆட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. அதே சமாச்சாரம்தான். என்ன, அங்கே சாமி வரும். இங்கே பீர் வரும்.

ராக் ரசிகர்கள் இந்த மாதிரி ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொள்வார்கள். மண்ணின் குரல், ஒடுக்கப்பட்டவனின் ஓலம், ஆன்மாவின் தேடல்! சரி, இருக்கட்டும். இந்த ஆல்பத்திலேயே மிகப் பிரபலமான பாட்டு ‘லா க்ரேன்ஜ்’. அது எதைத் தேடுகிறது தெரியுமா? ஒரு விபசார விடுதியின் முகவரியை!

சாதாரண விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். லா க்ரேன்ஜ் ஊருக்கு வெளியே பல பத்தாண்டுகளாக நடந்த, டெக்சஸ் முழுக்கத் தெரிந்த ‘ரகசியம்’. பெயர் ‘சிக்கன் ராஞ்ச்’, அதாவது கோழிப்பண்ணை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாத வாடிக்கையாளர்கள் கட்டணமாகக் கோழியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோழிகள் பெருகின, பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆன்லைன் பேமென்ட் வருவதற்கு முன்னால் மனித குலம் எப்படியெல்லாம் சமாளித்திருக்கிறது, பாருங்கள்!

இவ்வளவு நாள் யாரையும் உறுத்தாத பண்ணை, ஹூஸ்டன் டிவி நிருபர் மார்வின் ஸிண்ட்லரை உறுத்திவிட்டது. அவர் தினமும் டிவியில் முழங்கினார். வேறு வழியில்லாமல் கவர்னர் தலையிட, 1973 ஆகஸ்ட் 1 அன்று விடுதி மூடப்பட்டது. ஆல்பம் வெளிவந்தது ஜூலை 26. பாட்டு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் கடை க்ளோஸ்! இதைவிட ராசியில்லாத விளம்பரப் பாட்டு உலக வரலாற்றில் இருக்க முடியாது.

வெற்றி வீரரான நிருபர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். மறு வருடம் அதே ஊருக்கு ‘ஃபாலோ அப்’ செய்யக் கிளம்பினார். உள்ளூர் ஷெரிஃப் ஜிம் ஃப்ளூர்னாய் அவரைக் கையாலேயே வரவேற்றார். விலா எலும்பு முறிந்தது என்று கேஸ். ஆனால் டெக்சஸ்காரர்கள் இன்றுவரை ரசித்து ரசித்துச் சொல்வது எலும்பைப் பற்றி இல்லை. ஷெரிஃப், நிருபரின் தலையிலிருந்த விக்கைப் பிடுங்கி வீதியில் எறிந்துவிட்டாராம்! அந்த விக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ரகளை எல்லாம் முடியில்தான் போய் நிற்கப்போகிறது.

அதற்கு முன்னால், இந்தத் தாளத்தின் சொந்தக்காரரைப் பார்த்துவிடலாம். ‘லா க்ரேன்ஜ்’ கேட்கும்போது ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ காதுக்குள் தானாக ஓடும். 1948-ல் டெட்ராய்ட்டில் பதிவான பாட்டு. ஹூக்கருக்குச் சொந்த மாநிலம் மிசிசிப்பி. பிறந்த வருடம் 1917 என்பார் அவர். 1912 என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். வயதை மறைப்பதாக நம்ம ஊர் ஹீரோக்களை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம், பாவம்.

ஹூக்கருக்கு டிரம்மர் ஒத்துவராது. தாளத்தைத் தன் இஷ்டத்துக்கு நீட்டுவார், நினைத்த இடத்தில் நறுக்குவார். எந்த டிரம்மரால் பின்னால் ஓட முடியும்? தயாரிப்பாளர் பெர்னார்ட் பெஸ்மன் ஒரு வழி கண்டுபிடித்தார். காலுக்குக் கீழே ஒரு பலகை, அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு மைக். 1949-ல் பாட்டு அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ராயல்டியில் நியாயமாக ஒரு பங்கு அந்த ஷூவுக்குப் போயிருக்க வேண்டும்.

ஹூக்கரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே டெக்சஸ் ஸ்லிம், டெல்டா ஜான், பர்மிங்ஹாம் சாம் என்று வேறு வேறு பெயர்களில் வேறு வேறு கம்பெனிகளுக்குப் பாடித் தள்ளினார். அந்த மாறுவேடங்களின் சிகரம், ஜான் லீ புக்கர்! கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டு வில்லன் கோட்டைக்குள் நுழைவாரே எம்.ஜி.ஆர்., அந்த லெவல் தைரியம். வில்லன்களும் அதே லெவல். கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடிக்க விரும்பவில்லை.

பாட்டு யாருடையது என்ற கேள்வி 1990-களில் கோர்ட்டுக்குப் போனது. ஸீ ஸீ டாப் மேல் கேஸ் போட்டது ஹூக்கரா? அவர் எதற்குப் போடுகிறார், உரிமை பெஸ்மன் கையில் அல்லவா இருந்தது! 1995-ல் அப்பீல் கோர்ட் கொடுத்த தீர்ப்பு விசித்திரமானது. அந்தக் காலத்தில் இசைத்தட்டைக் கடையில் விற்றாலே பாட்டை ‘வெளியிட்டதாக’ ஆகிவிடுமாம். பிறகு காப்புரிமையை ஒழுங்காகக் கவனித்துக்கொள்ளாவிட்டால் பாட்டு பொதுச்சொத்து. அமெரிக்காவின் பாட்டு முதலாளிகள் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியென்றால் எங்கள் அலமாரியில் இருக்கிற பழைய பாட்டெல்லாம்? அலறல் தாங்காமல் 1997-ல் சட்டத்தையே திருத்தினார்கள். கோழிப்பண்ணைக்குப் போட்ட தாளம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை கேட்டுவிட்டது!

ஸீ ஸீ டாப் ஆசாமிகளின் பூர்வாசிரமம் இன்னும் ஜோர். இங்கிலாந்தின் ‘ஸாம்பீஸ்’ குழு கலைந்துபோன பிறகு அவர்கள் பாட்டு ஒன்று அமெரிக்காவில் ஹிட் ஆகித் தொலைத்தது. கேட்க ஜனம் ரெடி, பாட ஆள் இல்லை. ஒரு ஏஜென்சி கவலைப்படவே இல்லை. டெக்சஸ் பையன்களைப் பிடித்து ‘இவர்கள்தான் ஸாம்பீஸ்’ என்று 1969-ல் ஊர் ஊராக அனுப்பியது. அந்தப் போலி இங்கிலாந்துக்காரர்களில் இரண்டு பேர், பிற்கால ஸீ ஸீ டாப்பின் டஸ்டி ஹில்லும் ஃப்ராங்க் பியர்டும். யூடியூப் இல்லாத காலம். யார் முகம் யாருக்குத் தெரியும்?

அந்த அனுபவம் பாடம் கற்றுக்கொடுத்ததோ என்னவோ, பின்னாளில் யாரும் மறக்க முடியாத முகத்தைத் தயார் செய்துவிட்டார்கள். 1970-களின் கடைசியில் நீண்ட லீவு. திரும்பி வந்தபோது பில்லி கிப்பன்ஸுக்கும் டஸ்டி ஹில்லுக்கும் தாடி. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே வளர்த்தோம் என்றார்கள், நம்புவோம். அது வளர்ந்து மார்பு வரை இறங்கியது. அதை மழித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் என்று ஜில்லெட் கம்பெனி பேரம் பேசியதாகவும், முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை. குழுவில் தாடி வளர்க்காத ஒரே மனிதர், மீசையோடு நிறுத்திக்கொண்டவர், டிரம்மர். அவர் பெயர்தான் ஃப்ராங்க் பியர்ட்.

டெக்சஸில் முடிக்கு லட்சக்கணக்கில் விலை. நம்ம பாலத்தின் இரண்டு பக்கமும் முடிக்கு என்ன மரியாதை? அரசாங்கமே நேரில் வந்து வெட்டும் மரியாதை!

1970 ஆகஸ்ட். சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ கோலாலம்பூருக்கு வருவதாக ஏற்பாடு. பிரிந்து ஐந்தே வருடம் ஆன இரண்டு நாடுகள். முகம் கொடுத்துப் பேச வேண்டிய விவகாரங்கள் மலைபோல் கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்து சிங்கப்பூர் போலீஸ் என்ன செய்தது? நீண்ட முடியோடு சுற்றிக்கொண்டிருந்த மூன்று மலேசிய இளைஞர்களைப் பிடித்து உள்ளே வைத்து, முடியையும் வெட்டி அனுப்பியது. மலேசியா கொதித்தது. சிங்கப்பூர் மன்னிப்புக் கேட்டும் பிரதமரின் பயணம் ரத்து! ஜொகூர், சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது; பதிலுக்கு சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஹேர்கட் கொடுத்தது.

இதற்குப் பிறகு அவர்கள் அடங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு சிங்கப்பூரைத் தெரியாது. அரசு அலுவலகங்களில் போஸ்டர் ஏறியது: நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் கவனிப்பு. எது நீளம் என்று வாதம் செய்ய இடமே வைக்கவில்லை, படம் போட்டிருந்தார்கள். முன்னால் புருவத்தைத் தொடக் கூடாது, பக்கவாட்டில் காதை மூடக் கூடாது, பின்னால் காலரைத் தாண்டக் கூடாது. 1972-ல் லெட் ஸெப்பலின் குழுவின் கச்சேரி இதனால் நடக்காமலே போனது. போகட்டும், அவர்கள் முரட்டு ராக். 1984-ல் ஜப்பானின் கிடாரோவுக்கும் கதவு சாத்தப்பட்டது. கேட்டால் குழந்தைகூடத் தூங்கிப்போகிற இசை அவருடையது! ஆனால் முடி விழித்துக்கொண்டிருந்ததே.

இந்த இடத்தில் நம்மவர்களைச் சொல்லாமல் போனால் பாவம் வரும். பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். அவர்களுடைய ‘ஆலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாட்டுகளால் நாட்டையே கட்டிப்போட்டது. லோகநாதனுக்குப் பந்து மாதிரி திரண்டு நின்ற அஃப்ரோ முடி. அந்த போஸ்டர்படி இது குற்றமா? அஃப்ரோ, கீழே இறங்காமல் வானத்தை நோக்கி அல்லவா வளர்கிறது! சட்டக் கல்லூரித் தேர்வுக்கு நல்ல கேள்வி.

இனி ஜொகூர்ப் படலம். 1981-ல் ஜொகூர் பாருவில் ‘செர்ச்’ என்ற ராக் குழு பிறந்தது. பாடகர் ஏமி, கிட்டாரில் ஹிலரி ஆங். 1985-ல் முதல் ஆல்பம் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’. 1989-ல் ‘இசபெல்லா’ பாட்டு மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியாவையும் அள்ளிக்கொண்டது. கிட்டாரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஹூக்கர் வீட்டு ப்ளூஸ் தெரியும். மேலே பார்த்தால் தோளுக்குக் கீழே தொங்கும் முடி தெரியும். இவர்கள் வகை ராக்குக்கு மலேசியர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ராக் காப்பாக்’, கோடரி ராக். கோடரிக்குக் கத்தரியில் கண்டம் என்று எந்த ஜோசியரும் எச்சரிக்கவில்லை.

கத்தரி 1992-ல் வந்தது. தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத், ஜனங்களுக்கு ‘டோக் மாட்’. அவரும் நம்ம ஜொகூர்க்காரர்தான். ஜொகூர் பாருவை ஒட்டிய பூலாய் தொகுதி எம்.பி. நீண்ட முடி ராக்கர்களுக்கு அரசு டிவியில் இடமில்லை என்று அறிவித்துவிட்டார். இத்தனைக்கும் அவர் இசைக்கு எதிரி இல்லை. நாட்டுப்பற்றுப் பாட்டுகளை டிவியில் ஓயாமல் ஓட்டி, தேசத்தையே முணுமுணுக்க வைத்தவர். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு கிட்டார் அலறல் ஆபத்தாகத் தெரியவில்லை, பாட்டின் வரிகள் தெரியவில்லை, ஷாம்பூ போட்டு வாரிய முடி மட்டும் தெரிந்தது!

ராக்கர்கள் என்ன செய்தார்கள்? புரட்சி? கிட்டாரை உடைத்துப் போராட்டம்? நீங்கள் வேறு! செர்ச் ஏமியும் ‘விங்ஸ்’ குழுவின் அவியும் தலையைக் கொடுத்தார்கள். கேமராக்கள் சுற்றி நிற்க, அமைச்சரே கையில் கத்தரியோடு வந்தார். முடிக் காணிக்கை கொடுத்தால் பழனியில் வேலை, கல்யாணம், குழந்தை என்று எதையாவது கேட்கலாம். இங்கே கிடைத்த வரம், டிவி சான்ஸ்.

அமைச்சரைத் திட்டாதீர்கள். கிட்டார் சத்தத்தில் எது கலகம், எது கலை என்று பிரித்துப் பார்க்க எந்த அரசாங்கத்துக்கும் காது கிடையாது. கண் மட்டும் உண்டு, கூடவே ஒரு கத்தரியும். ராக்கர்களையும் திட்டாதீர்கள்; ஆல்பம் விற்க வேண்டாமா? ஒப்பந்தத்துக்காக ஹூக்கர் பெயரையே மாற்றினார், இவர்கள் ஹேர்ஸ்டைலை மாற்றினார்கள். அவ்வளவுதானே!

ஏமியின் முடி மறுபடி நன்றாகவே வளர்ந்துவிட்டது. தகவல் அமைச்சுதான் அந்தப் பழைய பெயரில் இப்போது இல்லை.