பெர்லினில் துருக்கிச் சமையல் வகுப்பு

பெர்லின்

அன்புள்ள அத்தைக்கு,

ஜெர்மனியில் துருக்கிச் சமையலைக் கூட்டாகக் கற்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரியவர்களுக்காக நகராட்சிகள் நடத்தும் ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ என்ற கல்வி நிலையம். மற்றொன்று, அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் சமூகச் சமையலறை. அந்தச் சமையல் இங்கே வந்த கதை இது: 1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. தொழிற்சாலை வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், பிறகு குடும்பங்கள் வந்தன, அவர்களோடு கத்திரிக்காயும் வந்தது. பெர்லினில் மைபாக்ஊஃபர் என்ற கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கிச் சந்தையில் அதை வாங்கலாம். மரவள்ளிக்கிழங்குக்கு மட்டும் அந்தச் சமையலில் இடமில்லை. நம் ஊர்ப் பக்கம் சின்னசேலத்தில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வகுப்பில் மூன்று நான்கு பேருக்கு ஒரு பண்டம் எனப் பிரித்துத் தருவார்கள். மளிகைச் செலவு எல்லோருக்கும் பொது. தாமதமாக வருபவருக்கு வெங்காயம் நறுக்கும் வேலை மிஞ்சும். சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவும் பகுதி தொடங்கும். அப்போதுதான் பலருக்குக் கடைசி ரயிலின் நேரம் நினைவுக்கு வரும்.

முதல் பாடம் பருப்பு சூப். மைசூர்ப் பருப்பு, வெங்காயம், கேரட் மூன்றையும் குழைய வேகவைத்து மசிக்க வேண்டும். சிறு வாணலியில் வெண்ணெயை உருக்கி, உலர்ந்த புதினாவும் மிளகாய்ச் செதிலும் போட்டு, பொங்கியதும் சூப்பின் மேல் ஊற்ற வேண்டும். இது தாளிப்பேதான், ஆனால் கடுகு கிடையாது. வெடிக்கும் சத்தம் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகத் தெரியாத தமிழர், அதற்குள் புதினாவைக் கருக்கிவிடுவார்.

அடுத்தது புல்குர். கோதுமையை வேகவைத்து, உலர்த்தி, உடைத்துச் சலித்தால் புல்குர் கிடைக்கும். நெல் அவித்துக் காயவைக்கும் ஊரில் பிறந்தவருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பெரிய குருணை பிலாவுக்கு. பொடிக் குருணையை அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர் ஊற்றி மூடிவைத்தாலே போதும். அதில் தக்காளி விழுது, மாதுளைப் புளிப்பு, வெங்காயத்தாள், கொத்துமல்லிக்குப் பதிலாக பார்ஸ்லி சேர்த்தால் கிசிர். நம் கடைகளில் விற்கும் சம்பா கோதுமை ரவை முன்னதாக வேகாதது. வெந்நீரை நம்பி அதில் கிசிர் செய்தால் பல்லுக்குத்தான் வேலை.

மூன்றாவது, கூட்டம் கூடிச் செய்வதற்கென்றே உண்டான சார்மா. உப்பு நீரில் பதப்படுத்திய திராட்சை இலையைக் கழுவி, நரம்புள்ள பக்கம் மேலே இருக்கும்படி விரிக்க வேண்டும். அரிசி, வெங்காயம், பைன் கொட்டை, உலர் திராட்சை, பட்டைத் தூள் கலந்த பூரணத்தில் ஒரு சிட்டிகை வைத்து, இரு ஓரங்களையும் மடித்து, சுண்டுவிரல் பருமனில் சுருட்ட வேண்டும். அரிசி உப்பும் என்பதால் இறுக்கம் கூடாது. பானையில் நெருக்கி அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சிறு தீயில் வேகவிட வேண்டும். ஒரு பானை நிரம்புவதற்குள் மேசையைச் சுற்றி இருப்பவர்களின் வாடகை, முதுகுவலி, மருமகள் ஆகிய மூன்றும் அலசப்பட்டுவிடும். மொழி புரியாதவருக்கும் மருமகள் பகுதி புரியும்.

ஆலிவ் எண்ணெயில் வேகும் காய்களும் இறைச்சி சேராத சார்மாவும் ஆறிய பிறகே பரிமாறப்படும். வெண்ணெய் ஆறினால் உறைந்துவிடும், ஆலிவ் எண்ணெய் அறை வெப்பத்தில் உறையாது என்பது ஒரு காரணம். சுடச்சுட இலையில் விழுந்தால்தான் சாப்பாடு என்று வளர்ந்த கள்ளக்குறிச்சிக்காரருக்கு இது பொறுமைச் சோதனை. மிளகாயிலும் ஏமாற்றமே: உர்ஃபா மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடி வியர்க்கவிட்டுக் கருப்பாக்குகிறார்கள். இவ்வளவு பாடுபட்டும் அது காரத்தைவிட வாசனையைத்தான் அதிகம் தருகிறது.

முடிவில் தேநீர். இரட்டை அடுக்குக் கெட்டிலில் மேலே டிகாக்‌ஷன், கீழே வெந்நீர். பால் கேட்பவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சிறு கண்ணாடிக் குவளை காலியானதும் தானாக நிரம்பும். போதும் என்றால் குவளையின் மேல் கரண்டியைக் குறுக்கே வைக்க வேண்டும். இந்த விதி தெரியாத விருந்தாளிக்கு அன்றிரவு தூக்கமில்லை.

கள்ளக்குறிச்சியில் இவற்றைச் செய்ய மாற்றுப் பொருள்கள் உண்டு. திராட்சை இலைக்குப் பதில் வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோஸ் இலை. துருக்கியிலும் இந்த வகை உண்டு. பூரணத்துக்குக் கல்வராயன் மலைச் சாமை பொருந்தும். சாமை சீக்கிரம் வேகும் என்பதால் கவனம் வேண்டும். மாதுளைப் புளிப்புக்குப் பதில் கெட்டியாகக் காய்ச்சிய புளிக்கரைசல், ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய். வெந்த பானையை ஆறும் வரை திறக்கக் கூடாது என்பது கடைசி விதி. மாமா வீட்டில் இருக்கும் நாளில் இது நடைமுறைக்கு வராது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்