நான்கு ஸ்டேஷன் தூரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் நம்மவர்களிடையே, குழந்தை பிறந்த கையோடு ஜாதகம் கணித்து வைக்கும் வழக்கம் வரவர அருகிக்கொண்டே போகிறது என்று பெரியவர்கள் சிலர் அங்கலாய்ப்பதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் குழந்தை டாக்டராகப் போகிறது என்ற ஒரே விஷயம்தான் தெரிய வேண்டியது. அதைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, காரின் பின்ஸீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி தீர்மானித்துவிடுகிறாளே!

இந்த ஆசைக்குப் பூர்வ கதை ஒன்று உண்டு. என் பாட்டனார் காப்பாருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். தோட்டத்து ஜனங்களுக்கு அந்நாளில் தெரிந்த பெரிய உத்தியோகங்கள் துரை, கிராணி, தண்டல், டிரெசர் என்ற நான்குதான். அவர்களில் முதல் மூவரும் வேலை வாங்குகிறவர்கள், ஆகவே பயத்துக்குரியவர்கள். நாலாமவராகிய டிரெசரோ, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் தண்டல் ஏசியதால் உண்டான மனவலிக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்தை ஊற்றிக் கொடுத்து, "இன்றைக்கு இந்த ஆள் வேலைக்குப் போகலாகாது" என்று ஒரு சீட்டும் எழுதித் தரும் அதிகாரம் படைத்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்தச் சீட்டை நீட்டினால் துரைகூட வாயைத் திறக்க முடியாது. மருந்தின் மகிமையைக் காட்டிலும் சீட்டின் மகிமையே என் பாட்டனாரை ஆட்கொண்டது என்பது என் அபிப்பிராயம். டிரெசருக்கே இவ்வளவு என்றால், எப்போதோ ஒரு தடவை காரில் வந்து இறங்கி, அந்த டிரெசரையே அதட்டிவிட்டுப் போகும் டாக்டருக்கு எவ்வளவு இருக்கும் என்று அவர் யோசித்துப் பார்த்த அந்தக் கணத்தில் எங்கள் வம்சத்தின் கல்விக் கொள்கை வகுக்கப்பட்டுவிட்டது. தோட்டம் போய்த் தொழிற்பேட்டை வந்தது. கொள்கை மட்டும் அப்படியே நின்றது. என் தகப்பனாரும் அதை நிறைவேற்றவில்லை, நானும் நிறைவேற்றவில்லை. ஆகவே அது வட்டியும் முதலுமாக என் அக்காள் மகளின் தலையில் வந்து இறங்கிற்று.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்தப் பெண்ணுக்கும் டாக்டராக வேண்டும் என்றே ஆசை. பெற்றோர் விரும்புவதையே பிள்ளையும் விரும்பினால் அந்த வீட்டில் சமாதானம் நிலவும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டை வந்து பார்க்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் கிஞ்சித்தும் அபிப்பிராய பேதமில்லாத மூன்று பேர், வழியைப் பற்றி இவ்வளவு உரக்கப் பேசியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சையில் அவள் பத்துப் பாடம் எடுத்து ஒன்பதில் 'ஏ' வாங்கினாள். பத்தாவது தமிழ் இலக்கியம். அதில் 'பி பிளஸ்'. "தமிழன் வீட்டுப் பிள்ளை இலக்கியம் எழுதாமல் இருப்பதா?" என்று பிடிவாதமாக அதை எடுக்க வைத்தவர் என் அத்தான். பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு எந்த இனத்தவராயினும் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அரசாங்க மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆகவே எங்கள் பெண்ணுக்கும் அந்த நிச்சயத்துக்கும் நடுவே குறுக்கிட்டது சாக்ஷாத் தமிழன்னைதான். ஒன்பது 'ஏ' வாங்கியவர்கள் நின்ற நீண்ட வரிசையில் அவளும் நின்றாள். வரிசை அவளிடம் வந்து சேருவதற்குள் இடம் தீர்ந்துபோயிற்று. மேல்முறையீடும் செய்து பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு அத்தான் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, ஒடனே பொறப்பட்டு வா. ஒங்க அத்தான் வீட்ட அடகு வைக்கப் போறாராம்" என்று அக்காள் டெலிபோனில் சொன்னாள். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். கல்யாணமானாலும் கார் வாங்குவதானாலும் எங்கள் குடும்பத்தில் மத்தியஸ்தத்துக்கு என்னைத்தான் அழைப்பார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்காக அல்ல, சண்டையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லிக் காட்ட ஒரு புது ஆள் வேண்டியிருப்பதற்காக. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலைப் பிடித்துக் கிள்ளானில் இறங்கி, தெங்கு கிளானா சாலையில் அக்காளுக்குப் பிடித்த முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கூடத்தில் சபை கூடியிருந்தது. பந்திங்கிலிருந்து பெரியப்பா ஒருவரும் வந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை என்பது பின்னால் விசாரித்ததில் தெரிந்தது.

அத்தானின் கட்சி கெடா மாநிலத்துக் கட்சி. பீடோங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமூகத்துப் பணத்தில் நம்மவர்கள் 2001இல் ஆரம்பித்தது. அங்கே ஒரு வருஷம் பவுண்டேஷன் படித்தால் நேரே எம்.பி.பி.எஸ்.; பணத்துக்கு ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதி, வீட்டின் மேல் கடன் ஒரு பகுதி. துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் காலமெல்லாம் கணக்கெழுதியவராதலால், இவ்வளவையும் ஒரு காகிதத்தில் பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தார். வரவுப் பத்தி காலியாக இருந்தது. "அது அவ டாக்டரானதும் எழுதுறது" என்றார்.

அக்காளின் கட்சி மணிப்பால் கட்சி. 1953இல் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் மலேசியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துத் திரும்பி, இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்களாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அக்காளை இழுத்தது அந்தக் கீர்த்தியன்று. "உடுப்பிக்குப் பக்கத்துல இருக்கிற ஊருப்பா! அங்க எப்படிப் பிள்ள பட்டினி கெடக்கும்?" என்றாள். மகளின் எதிர்காலத்தை அவள் சாம்பாரைக் கொண்டு அளந்தாள் என்று நான் பரிகாசம் செய்யமாட்டேன். ஐந்தாறு வருஷத்துக்குப் பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்புகிற தாய்க்கு வேறு எந்த அளவுகோல்தான் கைவசம் இருக்கிறது? அந்த ஸ்தாபனத்தாரே 1997இல் மலாக்காவிலும் ஒரு கல்லூரி தொடங்கி, படிப்பில் பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக வெகுகாலம் நடத்தியதை நான் ஞாபகப்படுத்தி, அந்தமாதிரி ஏதாவது பார்க்கலாமே என்றேன். இருவரும் ஏககாலத்தில் நிராகரித்தார்கள். பாதி வெற்றி யாருக்கு வேண்டும்?

பந்திங் பெரியப்பா ருஷ்யக் கட்சி. செலவு சொற்பம் என்பது அவருடைய ஒரே வாதம். அவருடைய சிநேகிதர் மகன் கிரிமியாவில் சிம்ஃபெரொப்போலுக்குப் படிக்கப் போனவன். கிரிமியா ருஷ்யாவின் கைக்குப் போன 2014 வந்தபோது, அட்மிஷன் வாங்கிய தேசம் ஒன்றாகவும் பட்டம் வாங்க வேண்டிய தேசம் வேறொன்றாகவும், அவன் குடியிருந்த அறை மாறாமலே மாறிவிட்டதாம். "ஒரே டிக்கெட்டுல ரெண்டு நாடு பார்த்துட்டான்!" என்று பெரியப்பா குதூகலமாகச் சொன்னார். எந்தக் கல்லூரியில் வாங்கிய பட்டம் இந்நாட்டில் செல்லும் என்பதற்கு 1971ஆம் வருஷத்து மருத்துவச் சட்டத்தோடு சேர்ந்த அட்டவணை ஒன்று இருக்கிறது. அந்த அட்டவணையைப் பார்த்தவர் அன்றைய சபையில் ஒரே ஒருவர்தான். அவருடைய அபிப்பிராயத்தை அதுவரையில் யாரும் கேட்கவில்லை.

அவள் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் ஆறாம் படிவம் போறேன் மாமா" என்றாள்.

அந்தக் கணம் வரையில் கீரியும் பாம்புமாக இருந்த அத்தானும் அக்காளும் ஒரே கட்சியானார்கள். தனியார் கல்லூரியா வெளிநாடா என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒன்றரை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து எஸ்.டி.பி.எம். எழுதுவது என்பது இருவருக்கும் சமமான அவமானமாகத் தோன்றிற்று. "எதிர் வீட்டுப் பிள்ள காலேஜுக்குக் கார்ல போவுது, நீ பள்ளிக்கூடப் பையத் தூக்கிட்டுப் போவியா? எடம் கெடைக்கலன்னு ஊரே பேசுமே!" என்றாள் அக்காள். அத்தானோ, உலகத்திலேயே மிகக் கடினமான பரீட்சை அதுதான் என்றும், லண்டனிலேயே அதைக் கண்டு நடுங்குகிறார்கள் என்றும் சொன்னார். லண்டனில் அதைப் பற்றி யாரும் கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரே பரீட்சையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வரவேண்டிய பழைய முறையைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார். 2012இலிருந்து அது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, சறுக்கிய பருவத்தை மறுபடி எழுதிப் பார்க்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது என்று பெண் விளக்கினாள். எளிது என்று அவள் சொல்லவில்லை. நாலு பாடத்திலும் ஏறக்குறைய நாலுக்கு நாலு வாங்கினால்தான் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பிரிவின் வாசலில் நிற்கலாம். அப்புறம் நேர்முகம் என்றொரு கண்டம் இருக்கிறது.

பிறகு அவள் தன் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். கணக்கெழுதுகிறவர் மகளல்லவா, அவளும் பத்தி பிரித்திருந்தாள். வரவுப் பத்தி காலியாக இல்லை. பல தனியார் கல்லூரிகளில் ஐந்து வருஷத்து வைத்தியப் படிப்புக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகிறது. படிப்பு முடிந்தால் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் உத்தியோகம். ஒரு வருஷமாக இருந்த அது 2008இல் இரண்டு வருஷமாயிற்று. 2016 டிசம்பரிலிருந்து அந்த உத்தியோகமும் ஒப்பந்த அடிப்படையில்தான். நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் முப்பதுக்கு மேல் பெருகி, வெளிநாட்டிலிருந்தும் பட்டதாரிகள் வந்து இறங்க, நிரந்தரப் பதவி எல்லோருக்கும் போதவில்லை. 2021 ஜூலை 26ஆம் தேதி, கொள்ளைநோய்க் காலத்தின் நடுவிலே, ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடுத்தி ஆஸ்பத்திரிகளை விட்டு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோருமே பார்த்தோம். "வேல ஒப்பந்தம், கடன் நிரந்தரம். அப்பா, இதுல எதுக்கு வீட்ட அடகு வைக்கணும்?" என்றாள். டிரெசரின் சீட்டுக்காக ஏங்கிய என் பாட்டனார், டாக்டர்களே வேலைக்குப் போக மறுத்து வாசலில் நிற்பார்கள் என்று சொப்பனத்திலாவது கண்டிருப்பாரா?

"அதுவுமில்லாம மாமா வீட்டுலேர்ந்து யூனிவர்சிட்டி எவ்வளவு தூரம்?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். சென்ட்ரலை விட்டால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அதற்கடுத்தது யூனிவர்சிட்டி; எல்.ஆர்.டி.யில் நான்கே ஸ்டேஷன். என் வாழ்நாளில் எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுத் தூங்கி விழுந்திருக்கிறேன். ருஷ்யாவுக்கும் கர்நாடகத்துக்கும் கெடாவுக்கும் வழி தெரிந்த அந்தச் சபையில், இந்த நான்கு ஸ்டேஷனுக்கு வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்தச் சமயத்தில், அதுவரையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தானின் தாயார், இவ்வளவு ரகளையும் எதற்கு, நல்ல இடமாகப் பார்த்துக் கல்யாணத்தைப் பண்ணிவிட்டால் போயிற்று என்று ஒரு திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். முன்பு காரின் பின்ஸீட்டில் டாக்டர் என்று தீர்மானித்தவரும் இவரேதான். பெண் சளைக்கவில்லை. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் இதையேதான் சொன்னார் என்றும், தகப்பனார் படிக்க வைக்க ஆசைப்பட்டார் என்றும், ஆண்பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த ஆட்சேபங்களையும் மீறி மகாராஜா இடம் கொடுத்தார் என்றும், 1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராகவே வெளியே வந்தார் என்றும் பாட்டியின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். பாட்டி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்புறம் கல்யாணம் ஆச்சா இல்லியா?" என்றார். ஆயிற்று, 1914இல். "அப்பச் சரி" என்று எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அத்தான் கடைசி அஸ்திரமாக மகாதீரை எடுத்தார். அவர் சட்டம் படிக்கத்தான் ஆசைப்பட்டார், கிடைத்தது வைத்தியம், 1947இல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார், பெரியவர்கள் காட்டிய வழியில் போனதால்தானே பிரதமரானார் என்பது அவருடைய வாதம். "அது அரசாங்கக் காலேஜுப்பா" என்றாள் மகள். அதோடு சபை கலைந்தது. நான் கொண்டுபோயிருந்த முறுக்கு முழுவதையும் பெரியப்பாவே தீர்த்துவிட்டிருந்தார்.

மத்தியஸ்தனாகிய நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல இடம் வைக்காமல், மறு வாரமே அவள் ஆறாம் படிவத்தில் பெயரைப் பதிந்துகொண்டாள். பாரங்களில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அத்தான் நீண்ட நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்று லட்சம் வெள்ளி மிச்சம் என்பது உறைத்ததும், சற்றுப் பெரிதாகவே கையெழுத்திட்டார் என்று அக்காள் சொன்னாள். இப்போது ஊரில் யார் கேட்டாலும், ஆறாம் படிவம் தம்முடைய யோசனைதான் என்று சொல்லி வருகிறார், மகளும் ஆட்சேபிப்பதில்லை.

முதல் பருவம் நன்றாகவே முடிந்திருக்கிறது. இரண்டாம் பருவப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகையால் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களிலுள்ள உறவினர்களுக்கு என் அக்காள் சார்பில் ஒரு விண்ணப்பம்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலோசனை வழங்க வர உத்தேசித்திருப்பவர்கள், தயவுசெய்து மூன்றாம் பருவம் முடியும் வரையில் அந்த உத்தேசத்தை ஒத்திவைக்க வேண்டும். முறுக்கை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.