இருத்தலும் எனர்ஜி நிரம்புதலும்: பிரவுசர் விளையாட்டுக்குத் திணை வகுத்தல்

பிரவுசரில் எழுத்தை வாசித்து வாசித்தே ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடும் விளையாட்டு எந்தத் திணையைச் சேர்ந்தது? இந்தக் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் எழுப்பியதாகத் தகவல் இல்லை. தொல்காப்பியருக்காவது அக்காலத்தில் மின்சாரம் இல்லை என்ற சமாதானம் உண்டு. பின்வந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஆய்வுக்களம் வாலாஜாபேட்டை. காரணம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் ஓடியது. ஆகவே, வண்டி வருமா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்து நிற்பதில் தெற்கே இந்த வட்டாரத்துக்கே மூப்பு அதிகம். இந்தத் தகுதி ஏன் முக்கியம் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் விளையாட்டின் குலமுறை. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ‘மட்’ என்ற எழுத்துவழி விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். படம் கிடையாது. இருட்டறை என்று எழுதியிருந்தால் அது இருட்டறை. பிற்பாடு இந்த வம்சம் பிரவுசருக்குக் குடிபெயர்ந்தது. 2003இல் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து ‘கிங்டம் ஆஃப் லோத்திங்’ வந்தது. 2004இல் பிரிட்டனிலிருந்து ‘டோர்ன்’. 2005இல் ‘அர்பன் டெட்’. மூன்றிலும் கண்ணில் படுவது வாக்கியங்களும் சொடுக்க வேண்டிய சுட்டிகளும்தான். லோத்திங்கில் மட்டும் குச்சிக் கை, குச்சிக் கால் மனிதர்கள் சிலர் துணைக்கு நிற்பார்கள்.

இவை எல்லாம் புறத்திணை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடத் தோன்றும். சான்றுக்கும் குறைவில்லை. டோர்னில் ஒருவர் பணத்தை வங்கியில் போடாமல் கையில் வைத்திருந்தால் இன்னொருவர் வந்து அடித்துப் பிடுங்கிக்கொண்டு போகலாம். ஆநிரைக்குப் பதில் டாலர் என்பதைத் தவிர இது அப்பட்டமான வெட்சி. பறிகொடுத்தவரின் கூட்டம் திரண்டு போய்த் திருப்பி அடித்தால் கரந்தை. இதே வட்டாரத்து ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் உள்ளன; மாடு பிடிக்க வந்த படையை எதிர்த்து மாண்டவர்களுக்காக எழுப்பியவை. மாடு என்பது நடமாடும் தோல். தோல் பதனிடும் இவ்வட்டாரத்தின் மூலப்பொருள் நெருக்கடி எவ்வளவு தொன்மையானது என்பதற்கும் அந்தக் கற்களே சான்று. இது தனி ஆய்வுக்கு உரியது.

அர்பன் டெட்டில் மால்டன் என்ற நகரம். கட்டடத்துக்குள் மேசை நாற்காலிகளை அடுக்கி அரண் செய்துகொண்டு உயிரோடிருப்போர் காக்கிறார்கள், வெளியே ஸாம்பிகள். உள்ளே இருப்பது நொச்சி, வெளியே நிற்பது உழிஞை. ஸாம்பிக்கு உழிஞைப் பூச் சூட்டுவது எப்படி என்ற நடைமுறைச் சிக்கலை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை.

அஃதேல், இவ்விளையாட்டு புறம் என்றே முடித்துவிடலாமே எனின், கூடாது. என்னை? கணக்கு இடம் தரவில்லை.

டோர்னில் ஒருவரைத் தாக்க 25 எனர்ஜி செலவாகும். காசு கட்டாத ஆட்டக்காரருக்கு 15 நிமிடத்துக்கு 5 எனர்ஜி ஊறும்; உச்சவரம்பு 100. சுழியத்திலிருந்து நிரம்ப ஐந்து மணி நேரம், பழைய கணக்கில் பன்னிரண்டரை நாழிகை. ஒரு சிறுபொழுது பத்து நாழிகையே. ஆக ஒரு முழுச் சிறுபொழுதும் அதற்கு மேல் கால் பங்கும் இருந்தால், நாலே நாலு அடி அடிக்கலாம். அடிப்பதும் சில சொடுக்குகளில் முடிந்துவிடும். அர்பன் டெட் இன்னும் கடுமை: 50 ஆக்‌ஷன் பாயிண்ட், அரைமணிக்கு ஒன்று வீதம் வரும். மொத்தமும் தீர்ந்தால் மீண்டும் நிரம்ப 25 மணி நேரம். பூமியோ 24 மணியில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இந்த ஒரு மணி நேர இடைவெளியைப் பஞ்சாங்கக்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

போர் சில நிமிடம், மிச்சமெல்லாம் காத்துக் கிடப்பது. காத்துக் கிடப்பதை உரிப்பொருளாகக் கொண்ட திணை ஒன்றே ஒன்றுதான். ‘இருத்தல்’, அதாவது முல்லை. ஸாம்பியும் அடிதடியும் வெறும் கருப்பொருள். பறை, பறவை, உணவு என்ற வரிசையில் ஓரமாக வைக்கலாம்.

இங்கே ஒரு தடை. முல்லையில் பிரிந்து போவது தலைவன், வீட்டில் இருப்பது தலைவி. இவ்விளையாட்டில் போனவரும் இருப்பவரும் ஒருவரேயன்றோ? டோர்னில் வெளிநாடு போகலாம்; பூவும் பஞ்சுப் பொம்மையும் வாங்கி வந்து விற்றால் லாபம். சந்தேகமில்லாமல் பொருள்வயிற் பிரிவு. சாதாரண டிக்கெட்டில் மெக்சிகோவுக்கு அரைமணிக்குச் சற்றுக் குறைவு, தென்னாப்பிரிக்காவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஹவாய்க்கு இரண்டேகால் மணி. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிறுத்திவைப்பதையும் சேர்த்தால் வாலாஜா ரோட்டிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேரும் நேரம். விமானம் வானில் இருக்கும்போது யாரையும் அடிக்க முடியாது, ஜிம்முக்குப் போக முடியாது. ஆட்டக்காரரின் தலைவன் பாதி தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. தலைவி பாதி வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. தன்னைத்தானே வழிமேல் விழிவைத்துப் பார்க்கும் இந்த நிலைக்குப் பழைய உரைகாரர் யாரும் துறை வகுக்கவில்லை. இக்கட்டுரை அதை ‘தன்வரவு நோக்கிய முல்லை’ என்று குறிக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

தோழி யார் என்ற கேள்விக்கு 1996லேயே பார்ட்டில் விடை தந்துவிட்டார். ஆட்டக்காரர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்பவர், ஊர் சுற்றிப் பார்ப்பவர், பழகுபவர், கொல்பவர். நான்குக்கும் சீட்டுக்கட்டின் நான்கு சாதியை அடையாளமாகத் தந்தார். பழகுபவருக்கு ஆட்டீன். விளையாட வந்து விளையாடாமல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் இவரே தோழி. ஊர் சுற்றுபவர் பாணன். கொல்பவர் பாலை நிலத்து ஆறலை கள்வர், முல்லைக்குள் வழி தப்பி வந்தவர்.

இனி இந்த மண்ணுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டியில் தோல் வாரக் கணக்கில் ஊறும். அவசரப்படுத்த வழியில்லை. பிறகு குரோம் வந்தது. டிரம்மைச் சுற்றவிட்டால் வாரக்கணக்கு வேலை ஒரு நாளைக்குள் அடங்கிற்று. டோர்னிலும் ஆவாரம்பட்டைக்காரர் உண்டு, குரோம்காரர் உண்டு. உண்மையான பணம் கட்டியவருக்கு 10 நிமிடத்துக்கே 5 எனர்ஜி ஊறும், உச்சவரம்பும் 150. பாயிண்ட் செலவழித்தால் ஒரே சொடுக்கில் நிரம்பிவிடும். அவசரத்துக்கு விலை உண்டு என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். பார்ட்டில் கட்டுரை எழுதிய அதே ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்யவேண்டியிருக்கிறது.

முதற்பொருளில் நிலம் என்பது ஒருகாலத்தில் பிரவுசிங் சென்டர். 2011ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அங்கே தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. எழுத்துவழி விளையாட்டுக்கு இதனால் ஒரு பாதகமும் இல்லை. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது பத்தி பத்தியாக ஆங்கிலம். பையன் டெண்டர் அறிவிப்பு படிக்கிறான் போலும் என்று மரியாதையாக நகர்ந்துவிடுவார்.

அர்பன் டெட் இப்போது இல்லை. பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டி, அதை உருவாக்கிய கெவன் டேவிஸ் 2025 மார்ச் 14 அன்று மூடிவிட்டார். துறை: கையறுநிலை.

முதற்பொருளில் எஞ்சியது பொழுது. முல்லைக்கு மாலை என்பது மரபு. லோத்திங் இதில் முரண்டு பிடிக்கிறது. அங்கே நாணயத்தின் பெயரே இறைச்சி. ஆம்பூர் பிரியாணியின் எல்லைக்குள் வாழ்பவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு 40 சாகசம் அளந்து தருவார்கள். சாப்பிட்டும் குடித்தும் கூட்டிக்கொள்ளலாம். அளவு மீறிக் குடித்தால் விழுந்துவிடுவீர்கள், அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் எல்லாச் சாகசத்தையும் செலவழித்துவிட்டு, நாள் மாறுவதற்குச் சற்று முன் மிதமிஞ்சி ஒன்றைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். அதன் பலன் மறுநாள் கணக்கில் சேரும். அரிசோனாவில் நாள் மாறுவது இரவு எட்டரை மணிக்கு. அது நம் கடிகாரத்தில் காலை ஒன்பது. எனவே முறைப்படி ஆட விரும்பும் வாலாஜாபேட்டைக்காரர், ஷூ கம்பெனிக்குக் கிளம்பிய பஸ்ஸில் தொங்கியபடி எட்டே முக்காலுக்குக் குடித்துச் சாய வேண்டும். டாஸ்மாக் திறப்பதோ பகல் பன்னிரண்டு மணிக்கு.