பொருத்தம் பாத்துத் துவையல் அரை

ஏல பேராண்டி, பட்டணத்துல ஒன் வீட்டு ஃபிரிட்ஜைத் தொறந்தா செவப்பும் பச்சையுமா சீசாதான் நிக்குதாமே, ஒன் பொண்டாட்டி சொன்னா. தோசைக்கும் அந்தச் செவப்புச் சாஸ்தான், சப்பாத்திக்கும் அதுதான், சோத்துக்கும் அதுதானாம். ஒரே மாப்பிள்ளைக்கு ஊருல உள்ள பொண்ணு அம்புட்டையும் கெட்டி வச்சிருக்க. போலீசு வராம இருந்தாச் சரி.

குத்தமாச் சொல்லலைடே. நாம கொண்டாடுத மிளகா வத்தலே வெளியூர்ச் சரக்குதான். போர்ச்சுக்கீசியன் கொண்டாந்தான்னு ஒன் தங்கச்சி புஸ்தகத்துல படிச்சுச் சொன்னா. அதுக்கு முன்ன காரத்துக்கு மிளகுதான். தக்காளியும் அமெரிக்காப் பக்கத்துச் சாமான். எங்கேருந்து வந்தா என்ன, நம்ம அம்மியில ஏறிப் படுத்துட்டா நம்ம ஆளு.

உளுந்தஞ்சோத்துக்கு எள்ளுத் துவையல்னு திருநெல்வேலிக்காரனுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, காலம்! தோலுளுந்தும் அரிசியும் பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொங்குனா மெத்துன்னு இருக்கும், சுள்ளுன்னு ஒண்ணும் இருக்காது. அந்தச் சுள்ளுக்குத்தான் வத்தல் போட்ட எள்ளுத் துவையல். கறுப்பெள்ளை வெறுஞ்சட்டியில வறு. படபடன்னு வெடிக்கையில எறக்கணும். நீ அந்த நேரம் பாத்துப் போனை நோண்டு. எள்ளு கசந்துபோவும். ஆச்சி சொன்ன பக்குவம் சரியில்லைன்னு பழியை எந் தலையில போட்டுரு.

சொதிக்கு இஞ்சித் துவையல். இது சும்மா வந்த சம்பந்தம் இல்ல. மறுவீட்டு விருந்துல புது மாப்பிள்ளைக்குச் சொதி ஊத்துவாங்க. தேங்காய்ப்பாலை மூணு தரம் பிழிஞ்சு, பின் ரெண்டு பால்ல காயை வேக வச்சு, தலைப்பாலைக் கடைசியில ஊத்திக் கொதிக்க விடாம எறக்குவாங்க. கொதிச்சாத் திரிஞ்சிரும். மாப்பிள்ளை கூச்சத்துல வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே நாலு தரம் வாங்கித் திம்பான். அம்புட்டுத் தேங்காயும் வயித்துல எப்படிச் செரிக்கும்? அதுக்குத்தான் இலையோரத்துல இஞ்சியை வச்சான். திங்க வைக்கவும் தெரியும், செரிக்க வைக்கவும் தெரியும் நம்ம சனத்துக்கு. இஞ்சியைத் தோல் சீவி நறுக்கி, நல்லெண்ணெயில பச்சை வாசம் போற மட்டும் வதக்கு. கூட வறுத்த உளுந்தம்பருப்பு, வத்தல், புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய், ஒரு கடி வெல்லம்.

அரைக்கதுக்கும் ஒரு வரிசை உண்டு. வத்தல், உப்பு, புளி மொதல்ல. மத்ததெல்லாம் பெறகு. தண்ணியைத் தெளிக்கணும், ஊத்தப்பிடாது. ஊத்துனா அது சட்னி. உருட்டி இலையில வச்சா அப்படியே ஒக்காரணும், அதுதான் துவையல். அம்மி இல்லைன்னு மூக்கைச் சிந்தாத, மிக்சியை விட்டு விட்டு ஓட்டு. நறநறன்னு இருக்கையில நிறுத்து.

காணத்துவையலுக்கு, அதான் கொள்ளுத் துவையலுக்கு, கஞ்சி. பெரண்டைக்குச் சுடுசோறும் நல்லெண்ணெயும். பெரண்டையை மட்டும் கையில எண்ணெய் தடவாம நார் உரிச்சுப் பாரு, ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே என்னை நெனைப்ப. எளங்கொழுந்தா எடுத்து நல்லா வதக்கிப் புளி சேத்து அரை. அரைகுறையா வதக்குனாத் தொண்டையும் அரிக்கும்.

ஒன் சீசாச் சாஸ் மாசக்கணக்கா இருந்தாலும் கெடாதுன்னு பெருமை பேசுனியாமே. காடியும் சீனியும் உப்பும் கொட்டி வச்சா எங்கிட்டுக் கெடும்? நான் போட்டுக் குடுத்த நாரத்தங்காய் ஊறுகாயுந்தான் வருசம் தாண்டி நிக்கும். அதை நீ தொட மாட்ட, அதுல படம் ஒட்டலைல்லா. தேங்காய் போட்ட துவையல் அன்னைக்கோட சரி. நாளைக்கு வேணும்னா நாளைக்கு அரை.

சொதி வைக்கிற அன்னைக்குச் சொல்லி விடு, பஸ்ஸேறி வந்துருதேன். இஞ்சித் தோலை நான் சீவித் தாரேன். தேங்காய் திருகுதது, பால் பிழியுதது, அரைக்கது மூணும் ஒன் பாடு. ஒன் பொண்டாட்டி ஒக்காந்து சாப்பிடட்டும்.