பொட்டலம் படித்த தலைமுறை

ஐம்பதைத் தாண்டியவர்களில் பொட்டலக் காகிதம் படிக்காதவர் யாராவது உண்டா? உத்தரத்திலிருந்து தொங்கும் நூலைச் சர்ரென்று இழுத்து, மளிகைக்கடை அண்ணாச்சி நொடியில் கட்டித் தந்த துவரம்பருப்பை அம்மா டப்பாவில் கொட்டியதும், அந்தக் காகிதத்தை நீவி விரித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால், போன வருஷத் தொடர்கதையின் நடு அத்தியாயம், வராமலே போன புயலின் எச்சரிக்கை, யாருக்கோ விழுந்த லாட்டரி என்று கிடைத்ததையெல்லாம் படித்து, கிழிந்த இடத்துக்குப் பிறகு கதாநாயகி என்ன ஆனாள் என்று அடுத்த மாதப் பலசரக்கில் தேடிய காலம் அது. காராசேவு மடித்த காகிதம் என்றால் இன்னும் விசேஷம். எண்ணெய் ஊறி, பின்பக்கச் செய்தியும் முன்பக்கத்திலேயே தெரியும்.

உள்ளே இருந்த பண்டத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இருக்காது. அச்சு மை உடம்புக்குக் கேடு, செய்தித்தாளில் தின்பண்டம் மடிக்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொன்னபோது, காராசேவோடு சேர்த்து நான் தின்று தீர்த்த தலைப்புச் செய்திகளை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

ஊட்டச்சத்து பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், பி1 குறைந்தால் பெரிபெரி, சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஒப்பித்த வாயோடு வீட்டுக்கு வந்து, தட்டில் முருங்கைக்கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிப்போம். அந்தப் பெரிபெரியை ஆராய ராபர்ட் மெக்காரிசன் 1918இல் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அரிசியை வெளுக்க வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு பி1 சத்தும் போய்விடும். நெல்லை அவித்துக் காயவைத்தால் அது அரிசிக்குள் இறங்கி ஓரளவு தங்கிவிடும். பாட்டி நெல் அவித்தது சத்துக்காக அல்ல, குத்தும்போது அரிசி நொய்யாகக் கூடாதே என்றுதான். சத்து இலவச இணைப்பு. எனக்கோ விருந்தாளி வந்தால் வெள்ளை அரிசிச் சோறு போட்டால்தான் கௌரவம், கேப்பைக்களி கதவைச் சாத்திக்கொண்டு தின்ன வேண்டியது. இப்போது கேப்பை மாவையும் கைக்குத்தல் அரிசியையும் ஏசி போட்ட கடையில் கூடுதல் விலைக்கு வாங்கி, வருகிற விருந்தாளியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்காட்டுகிறேன்.

நூலும் காகிதமும் போய், எல்லாம் பளபளக்கும் பாக்கெட்டில் வருகிறது. உள்ளே இருப்பதைப் பற்றி வெளியே அச்சடித்தும் இருக்கிறார்கள். ஆனால் எழுத்து எறும்புக்கால் அளவு. மூக்குக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் சேர்ந்தால்தான் பிடிபடும். எவனோ எழுதிய பாதிக் கதையை எழுத்து விடாமல் படித்த நாம், நம் வயிற்றுக்குள் போகும் சரக்கின் முழுக் கதையைப் படிக்காமல், முன்பக்கத்துக் கோதுமைக் கதிர் படத்தைப் பார்த்ததோடு கூடையில் போட்டுவிடுகிறோம். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெறும் வயிற்றில் எதையாவது குடிக்கச் சொல்லி வரும் தகவலை மட்டும் பக்தியோடு படித்து, நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறோம்.

இத்தனைக்கும் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. எடையில் எது அதிகமோ அது சேர்மானப் பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். கோதுமை பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டு, பட்டியலில் மைதா முதலில் நின்றால், நீங்கள் காசு கொடுப்பது மைதாவுக்கு. சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது, குன்னூரில் பிறந்த அதே நிறுவனம். அந்த 5 கிராமுக்குள் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் அடங்க வேண்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பையோடு கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்த பிறகு வாங்குங்கள்.