கப்பல் கோதுமையும் நொய்யரிசியும்

1966-ல் எனக்குப் பத்து வயது. திருமுல்லைவாயலில் வாடகை வீடு. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். கொல்லைப்பக்கம் இறங்கினால் ஏரிப் பாசன வயல். கதிர் முற்றும் நாட்களில் அந்த வாசனை வீட்டுக்குள்ளேயே வரும். அப்படிப்பட்ட ஊரில், விடிவதற்கு முன்னால் எழுந்து ரேஷன் கடை வரிசையில் நின்று அமெரிக்கக் கோதுமை வாங்கிவந்தோம்.

அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்திருந்தது. அந்த ஒரே ஆண்டில் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அதை மொத்தமாக விடவில்லை, மாதா மாதம் அளந்துதான் விட்டார். வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, ஒரு வாரம் கோதுமை வரும், ஒரு வாரம் வராது என்பதுதான்.

அம்மாவுக்குக் கோதுமையோடு பழக்கமே இல்லை. முதலில் அரிசி மாதிரி உலையில் போட்டுப் பார்த்தாள்; அது வேகவே இல்லை. பிறகு முறத்தில் புடைத்து, கூடத்துத் தரையில் பரப்பி, கல்லையும் வண்டையும் பொறுக்கி, ஏந்திரத்தில் உடைத்து ரவையாக்கினாள். உருண்டு ஓடிய மணிகளை விரல் நுனியை எச்சில் பண்ணி ஒற்றி எடுப்பாள். ஒன்றைக்கூட விடமாட்டாள். ராத்திரி அப்பா தட்டைப் பார்த்து, "இன்னைக்கும் கோதுமையா?" என்று கேட்பார். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்காமல் விட்ட பிறகுதான் அம்மா அழுதாள்.

அரக்கோணத்திலிருந்து பாட்டி ரயிலில் வரும்போது இரண்டு படி அரிசியை மடியில் கட்டி, மேலே புடவையைச் சுற்றி மறைத்துக்கொண்டு வருவாள். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். ஆவடி தாண்டும்வரை அவளுக்கு உயிர் அவள் கையில் இருக்காது. இப்போது அதே தடத்தில் ரேஷன் அரிசி எதிர்ப்பக்கமாகப் போகிறது. 2011 ஜூனிலிருந்து இங்கே விலையில்லாமல் கிடைக்கும் அரிசியைச் சிறு மூட்டைகளாகக் கட்டி, ஆந்திராவுக்குக் கடத்துகிறார்கள். இருக்கைக்கு அடியில் கிடந்த மூட்டைகளைப் போலீசார் பிடித்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் பாட்டியின் மடி ஞாபகம் வருகிறது.

அந்தப் பஞ்சம் ஆட்சியையே மாற்றியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி நிச்சயம் என்று அண்ணா சொன்னார். 1967 தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம், பூந்தமல்லியைத் தாண்டியிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அதற்குள் அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர். 8 நெல் வந்துவிட்டது, தஞ்சாவூரில் ஏ.டி.டி. 27 வந்தது. சில வருஷங்களில் கப்பலை எதிர்பார்ப்பது நின்றது. எங்கள் கொல்லை வயலும் மனைகளாகிவிட்டது. இன்றைக்கு எங்கள் தெருவுக்கு அரிசி செங்குன்றம் மண்டியிலிருந்துதான் வருகிறது.

2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு அரிசிக் கப்பல் கிளம்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 40,000 டன் அனுப்புவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, முதல் தவணை போனது. எங்களுக்குக் கோதுமை இறங்கிய அதே துறைமுகம். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன்.

ஆனால் அந்த வருஷம் செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20-ல் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கும் தடை. இரண்டொரு நாளில் டல்லாஸிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, இங்க அரிசிக்கு க்யூ நிக்குதுப்பா. குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான்னு எழுதி ஒட்டியிருக்காங்க." அமெரிக்காவில், நம் அரிசிக்கு, வரிசை! அவளுக்குக் கவலையில்லை. சோனா மசூரி கிடைக்காவிட்டால் அவள் வேறொன்றை வாங்கிக்கொள்வாள்.

எனக்கு மனசு நொய்யில்தான் நின்றது. நம் வீடுகளில் நொய் என்றால் காய்ச்சலுக்குக் கஞ்சி, இல்லாவிட்டால் கோழிக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் செனகலில் அதுதான் சாப்பாடே. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து மலிவாகக் கொண்டுபோய்ப் பழக்கிய நொய்யை மீனோடு சமைப்பதுதான் அவர்களுடைய தேசிய உணவு. உலகத்தில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது; அதில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. நாம் கதவைச் சாத்தினால் யார் வீட்டு உலை அணையும் என்பதற்கு இதற்குமேல் கணக்கு வேண்டாம். பச்சரிசித் தடை வந்த சில வாரங்களில் தாய்லாந்து அரிசி விலை பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது.

உள்ளூரில் விலை ஏறும்போது அரசுக்குப் பயம் வருவது நியாயம். 1967-ஐப் பார்த்தவன் அதைக் குறை சொல்லமாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாகச் சாத்தியதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வழக்கமாக நம்மிடம் வாங்கும் ஏழை நாடுகளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கலாம். கேட்டு வந்த நாடுகளுக்குப் பிற்பாடு அரசு வழியாகக் கொஞ்சம் விட்டார்கள்; செனகலும் அப்படிக் கேட்டு வாங்கியது. கேட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். பச்சரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது, நொய்க்கு 2025 மார்ச்சில்தான்.

அந்த இரண்டரை வருஷத்தில் செனகலின் டக்காரில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண், பழக்கமில்லாத ஒரு தானியத்தை உலையில் போட்டுப் பார்த்திருப்பாள். அவள் புருஷன் தட்டைப் பார்த்து, இன்றைக்கும் இதுதானா என்று கேட்டிருப்பான். அப்புறம் கேட்பதை விட்டிருப்பான்.